பல்லை எண்ணிவிட்டுப் பேசலாமே

கியர் இல்லாத சைக்கிள்களில் எதை வாங்குவது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் முன் ஃபோர்க்கின் நிறத்துக்கு ஒரு பத்தி உண்டு. கைப்பிடி உறைக்கு ஒரு பத்தி உண்டு. டிஸ்க் பிரேக்கின் அழகுக்கு முக்கால் பக்கம். செயின்வீலில் எத்தனை பல், ஃப்ரீவீலில் எத்தனை பல் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தேன். அச்சுப்பிழையாகக்கூட ஓர் எண் அகப்படவில்லை.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இதுவோ ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வண்டி. ஊருக்கு மாடு பிடித்துத் தருகிறேன் என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிய தரகர், வாலின் நீளத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

வாசகரின் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. சென்னைக்காரர். வார நாட்களில் அலுவலகம் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை, மனம் வந்தால் மாமல்லபுரம் வரை. எப்போதாவது செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை மண்பாதை. கியரோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கடையில் மூன்று வகை பார்த்திருக்கிறார்: பழைய பாணிக் கறுப்பு ரோட்ஸ்டர், பருத்த டயரும் முன்னால் ஷாக்கும் உள்ள, மலையில் ஓட்டுகிற வண்டியின் சாயலில் செய்த வண்டி, மெலிந்த சட்டத்தில் 700சி சக்கரம் மாட்டிய நகரத்து வண்டி. எதை எடுக்கலாம்?

கட்டுரையாளர் தீர்ப்பு வழங்கிவிட்டார். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கியர், ஆகவே ஓட்டத்தில் மூன்றும் ஒன்றுதான், சொகுசில்தான் வித்தியாசம், சென்னைச் சாலையில் பள்ளம் இருக்கிறது, ஆகவே ஷாக் வைத்ததை வாங்குங்கள். ரோட்ஸ்டர் பால்காரர் வண்டி. மெலிந்தது கல்லூரிப் பையன்களின் விளையாட்டுச் சாமான். தீர்ந்தது வழக்கு.

ஒரே கியர் என்பதால் வித்தியாசமில்லையாம்! 21 கியர் உள்ள வண்டியில் ஒன்று காலுக்கு ஒத்துவராவிட்டால் பக்கத்தில் இருப்பதற்கு மாறிக்கொள்ளலாம். கடைக்காரர் தப்பாகவே கொடுத்திருந்தாலும் தப்பித்துவிடலாம். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்கிறபோது, அந்த ஒன்று என்ன என்று பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது வாங்குகிறவருக்கு?

பள்ளிக்கூடக் கணக்குதான். செயின்வீல் பல்லை ஃப்ரீவீல் பல்லால் வகுத்து, பின்சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துவிடும். 35 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தில் 46க்கு 16 என்றால் ஆறேகால் மீட்டர். ஷாக் வண்டியின் 26 அங்குலச் சக்கரத்தில் 44க்கு 18 என்றால் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரோட்ஸ்டரின் 28 அங்குலச் சக்கரத்தில் அதே 44க்கு 18 ஐந்தரை மீட்டரைத் தொடும். நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்கிற சாதாரணக் கால் முதல் வண்டியை மணிக்கு 28 கிலோமீட்டரிலும் இரண்டாவதை 23இலும் மூன்றாவதை இருபத்து நாலரையிலும் ஓட்டும். ஓட்டத்தில் மூன்றும் ஒன்று என்று எழுதிய கைக்கு இந்த ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் எப்படித் தட்டுப்படாமல் போனது?

வேகம் கூடினால் நல்லதுதானே, 46க்கு 16ஐயே வாங்கிவிடலாமே என்று யாராவது கேட்கலாம். மத்திய கைலாஷ் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்ததும் பின்னால் நிற்கிற மாநகரப் பேருந்து ஆரன் அடிக்க, முழுக்க நின்றுபோன வண்டியை அந்தப் பல்லில் கிளப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். நகரத்துக்குள் சைக்கிள்காரர் செலவழிக்கிற பலத்தில் கணிசமான பங்கு நின்ற வண்டியை மறுபடியும் நகர்த்துவதிலேயே கரைகிறது. முழங்கால் தேய்வதும் அங்கேதான். எதிர்க்காற்றிலும் இதே கதை. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிட்டால் முட்டுக்காட்டுப் பாலத்தில் தெற்கு நோக்கிப் போகிறவருக்கு ஆறேகால் மீட்டர் பல் ஒரு தண்டனை.

அப்படியானால் மெலிந்த வண்டி வேண்டாமா? வேண்டும். ஃப்ரீவீலை மட்டும் மாற்ற வேண்டும். 16 பல்லைக் கழற்றிவிட்டு 18 பல் போட்டால் பெடலில் கொடுக்க வேண்டிய அழுத்தம் நூற்றுக்குப் பதினொன்று குறைகிறது. ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர். நிதானமாக நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். கொஞ்சம் விரட்டி 90 மிதித்தால் 30. அலுவலகம், கடற்கரைச் சாலை இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். மண்பாதையில் அதிகம் ஓட்டுகிறவர் 20 பல் போடலாம், ஐந்து மீட்டராகும். ஆகிற செலவு சில நூறு ரூபாய். 16இலிருந்து 18க்குப் போகும்போது செயினை வெட்டவோ ஒட்டவோகூட வேண்டாம்; பின்சக்கரத்தைச் சுமார் 6 மி.மீ. முன்னுக்குத் தள்ளினால் அதே செயின் உட்கார்ந்துவிடும். சைக்கிள் கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிற வேலை. எட்டுப் பக்கம் எழுதியவர் வாசகருக்கு உருப்படியாகச் சொல்லியிருக்க வேண்டிய சங்கதி இது ஒன்றுதான். அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. ஃபோர்க் சிவப்பா, பச்சையா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து மலை. கியர் இல்லாத வண்டி எதுவானாலும் சமரசம்தான், கொல்லிமலைக்குப் போனால் தெரியும் என்று ஓர் இடத்தில் பயமுறுத்துகிறார். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருப்பது உண்மை. வாசகர் கேட்டது முட்டுக்காட்டுக்குப் போக வண்டி. மாமல்லபுரத்துக்கு வழி கேட்டவரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துக்கொண்டீர்களா என்று விசாரிப்பதில் என்ன அக்கறை இருக்க முடியும்? சென்னை தட்டையான ஊர். சொல்லிக்கொள்ளும்படி இருப்பது பரங்கிமலை, 300 அடி. அதன் உச்சியில் தேவாலயம் இருக்கிறது, ஐ.டி. கம்பெனி இல்லை. மிச்சமிருப்பவை மேம்பாலங்கள். நகரத்தின் சாதாரண மேம்பாலம் இரண்டு மாடி உயரம். ஆளும் வண்டியுமாக 85 கிலோவை ஏழு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு உடம்பு எரிக்கிற சத்து ஒரு மேரி பிஸ்கட்டில் கால் பங்கு. அதற்கு 21 கியர் கேட்கிறவர் வீட்டில் மொட்டை மாடிக்கு லிஃப்ட் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரித்திரத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறார். முதல் மலையைப் பார்த்ததுமே உலகம் ஒற்றைக் கியரைத் தூக்கி எறிந்துவிட்டதாம். டூர் டி ஃபிரான்ஸ் பந்தயம் பைரனீஸ் மலைத்தொடரில் டூர்மாலே கணவாய் மீது முதன்முதலாக ஏறியது 1910இல். அந்தப் பந்தயம் டெரெய்லர் கியரை அனுமதித்தது 1937இல். இடையிலே 27 வருடம். அத்தனை வருடமும் வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் மாட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ஜ் பிடிவாதக்காரர், அவருடைய விதி வீரர்களை வதைத்தது என்பதிலெல்லாம் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தூக்கி எறிந்த கதை பொய். அந்த இரட்டைப் பக்க ஹப்தான் இன்றைக்கு மெலிந்த வண்டிகள் பலவற்றில் வருகிறது, கட்டுரையாளர் விளையாட்டுச் சாமான் என்று கைகாட்டிய அதே வண்டிகளில். ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஃபிக்ஸட் பல். ஃபிக்ஸட் பக்கத்தை மாட்டிக்கொண்டு பிரேக்கையும் கழற்றி வைத்துவிட்டு அண்ணா சாலையில் போகிறவர்கள் இருக்கிறார்கள்; அது மடத்தனம், அதில் அவரும் நானும் ஒரே கட்சி. அதற்காக ஃப்ரீவீல் பக்கத்தை மாட்டி, முன்னும் பின்னும் பிரேக் வைத்து ஒழுங்காக அலுவலகம் போகிறவரையும் அதே கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இப்போது ஷாக். கட்டுரையின் மூலவர் இவர்தான். மற்றதெல்லாம் பரிவார தெய்வம்.

இந்த விலையில் வருகிற முன் ஷாக் என்பது குழாய்க்குள் ஒரு சுருள்வில். வில் அமுங்கும், அமுங்கிய வேகத்திலேயே எகிறும். அந்த எகிறலை அடக்குவதற்கு உள்ளே எண்ணெயோ காற்றோ எதுவும் இருக்காது. பள்ளத்தில் இறங்கும்போது சொகுசாக இருக்கும், வாஸ்தவம். ஆனால் கியர் இல்லாத வண்டியை எப்படி ஓட்டுகிறோம்? மேடு வந்தால் பல் மாற்ற வழியில்லை. சீட்டை விட்டு எழுந்து, உடம்புப் பாரத்தைப் பெடலில் இறக்குகிறோம். சிக்னலில் கிளம்பும்போதும் அதேதான். எழுந்து மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் கைப்பிடி வழியாக ஃபோர்க் மேல் பாரம் விழுகிறது, வில் அமுங்குகிறது, சாலைக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கை அது வாங்கி வைத்துக்கொண்டு சும்மா ஆடுகிறது. கியர் வண்டியிலாவது உட்கார்ந்தபடியே சின்னப் பல்லுக்கு மாறி இதிலிருந்து தப்பலாம். ஷாக் எந்த வண்டிக்கு ஆகவே ஆகாதோ, அந்த வண்டிக்குத் தேடிப்பிடித்துச் சிபாரிசு செய்திருக்கிறார். போதாததற்குச் சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் கனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரித் தண்ணீரில் இறங்கி எழுந்தால் சேறு உள்ளே போய், அடுத்த கோடைக்குள் அந்த வில் அசைய மறுக்கும். பிறகு அது ஷாக்கும் இல்லை, சாதாரண ஃபோர்க்கும் இல்லை. தெருமுனைக் கடையில் ஓவராயிலுக்கு விட்டால் ஹப்பைப் பிரிப்பார், பால்ரஸ் மாற்றுவார், கிரீஸ் வைப்பார், ரிம்முக்குப் பெண்டு எடுப்பார். ஷாக்கைக் காட்டினால், இதெல்லாம் அப்படியே மாத்துறதுதான் சார், என்பார்.

பள்ளத்துக்கு என்ன வழி? டயர். 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள வழவழப்பான டயரில், ஆளின் எடைக்குத் தக்க காற்றடித்தால், அதுவே ஷாக் செய்கிற வேலையில் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் செய்துவிடும். இதனால்தான் மெலிந்த வண்டி வாங்கப் போகிறவர் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும். 28 மி.மீ. டயருக்கு மேல் இடமே கொடுக்காத சட்டம் இருக்கிறது; மட்கார்டு மாட்டத் துளைகூட இல்லாத சட்டம் இருக்கிறது. மழையில் அலுவலகம் போகிற சட்டைக்கு அது உதவாது. இந்தக் குறையைச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். விளையாட்டுச் சாமான் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டதால் எந்தச் சாமான் எதற்கு ஆகும் என்று பார்க்கிற சிரமம் அவருக்கு மிச்சமாகியிருக்கிறது.

பள்ளத்தில் உடைவது பெரும்பாலும் பின்சக்கரக் கம்பி. அடுக்கடுக்காகப் பல்சக்கரம் ஏற்ற வேண்டிய கியர் வண்டியில் ஹப்பின் வலது விளிம்பு உள்ளே தள்ளி இருக்கும். வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக, விறைப்பாக நிற்க, இடப்பக்கம் தளர்வாக நிற்கும். ஒற்றைப் பல் சக்கரத்தில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, ஒரே இழுவை. அதே ரிம், அதே கம்பியில் கட்டினாலும் இது உறுதி கூடியது. ஒற்றைக் கியர் வண்டிக்காகப் பேச வேண்டுமானால் பேச வேண்டிய பேச்சு இது. அதன் வக்கீலாகக் கிளம்பியவருக்கே தெரிந்திருக்கவில்லை.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி அதிகம் சண்டை இல்லை. மழையில் நன்றாகப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுமினிய ரிம்மில் ஒழுங்கான கட்டை போட்ட பிரேக் இந்த ஊர் வேகத்துக்குப் போதும், கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பால்காரர் வண்டிக்கு வருகிறேன். இதை எழுதும்போது அவர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. இரண்டு பக்கமும் பால் கேன், அல்லது தண்ணீர்க் குடம், அல்லது இளநீர்க் குலை, அதற்கு மேல் ஓர் ஆள். இவ்வளவையும் ஒற்றைப் பல்லில், எந்த ஷாக்கும் இல்லாமல், கட்டுரையாளர் பயப்படுகிற அதே பள்ளங்களில் வருடக்கணக்காக ஓட்டிக் காட்டிய வண்டி அது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் என்று வெளியே வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த இனம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வேலைக்கும் போய், மற்ற இடத்துக்கும் போய், எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை ஓட்டம் எங்கே நடந்தது? பால்காரர் ஓட்டுகிறார் என்பது ஒரு சைக்கிளுக்கு வசையா, நற்சான்றா?

ரோட்ஸ்டரிலும் குறை உண்டு. அந்தக் குறையையும் அவர் சொல்லவில்லை. கம்பி பிரேக் எஃகு ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பது. குரோம் பூசிய அந்த ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது வேண்டுதல் வைப்பதற்குச் சமம். பெடல் மாட்டிய கிராங்கை அச்சோடு சேர்க்கிற காட்டர் பின் தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் டக் டக் என்று சத்தம் போடும். ஃபிளாட்டில் மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போக வேண்டியவர் அதை வாங்கக் கூடாது. கீழேயே நிறுத்த இடமும், பத்து கிலோமீட்டருக்கு உட்பட்ட அலுவலகமும், பின்னால் மூட்டை கட்டுகிற பழக்கமும் உள்ளவருக்கு இன்றைக்கும் அதுதான் சரி. கேள்வி கேட்ட வாசகர் ஞாயிறு தோறும் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர். ஆகவே அவருக்கு நான் சொல்வது 700சி வண்டி, 18 பல், அகல டயர், மட்கார்டு. ஷாக் வைத்தது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பின்சக்கரம் நட்டுப் போட்டு முடுக்கியிருப்பதையும் பழங்காலச் சங்கதி என்று கேலி செய்திருக்கிறார். நெம்புகோலைத் தட்டினால் கழன்று வருகிற ஆக்சில்தான் நாகரிகமாம். ஒற்றைக் கியர் வண்டியில் செயினை இழுத்துப் பிடிக்கத் தனி உறுப்பு கிடையாது. சக்கரத்தையே பின்னுக்கு இழுத்து முடுக்குவதுதான் அந்த வேலை. அதற்காகத்தான் ஆக்சில் உட்காருகிற பள்ளம் கிடைமட்டமாக இருக்கிறது. எழுந்து நின்று ஓங்கி மிதிக்கும்போது செயின் வலது பக்கத்தை முன்னுக்கு இழுக்கும். முடுக்கம் போதாவிட்டால் சக்கரம் கோணிக்கொண்டு சட்டத்தில் உரசும். 15 மி.மீ. ஸ்பானரும், பக்கத்துக்கு ஒரு செயின் அட்ஜஸ்டரும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கேலிக்கு முன்னால் ஒருமுறை வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருக்கலாம்.

கடைசிப் பத்தியில் ஒரு யோசனை வேறு: இப்போதைக்கு ஒற்றைக் கியர் வாங்கிக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் பிறகு அதிலேயே கியர் பூட்டிக்கொள்ளலாம். பூட்ட முடியாது, ஐயா. ஒற்றைப் பல் வண்டிகளின் பின்கவைக்கு நடுவே இருக்கிற இடைவெளி பெரும்பாலும் 110 மி.மீ. அல்லது 120 மி.மீ.; கியர் சக்கரத்துக்கு வேண்டியது 130, 135. எஃகுச் சட்டமானால் அகட்டிப் பார்க்கலாம், அலுமினியத்தை அகட்டினால் விரிசல் விடும். டெரெய்லரைத் தொங்கவிடக் காதும் இருக்காது. புதுச் சக்கரம், டெரெய்லர், லீவர், கேபிள், செயின், எல்லாவற்றுக்கும் மேல் கூலி. மூன்று வேகம் போதும் என்கிறவருக்கு மட்டும் ஹப்புக்குள்ளேயே அடங்குகிற கியர் உண்டு; 1936இல் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பில் நடுப்பல் 100 என்றால் கீழே 75, மேலே 133. அதற்கும் சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கடையில் பக்கத்தில் நிற்கிற கியர் சைக்கிளையே முதல் நாள் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.